வக்கீல் வீட்டுச் சாமான்கள்

வெள்ளானூர்,
சித்திரபானு வருஷம் ஆவணி மாதம் 28-ந் தேதி.

பூங்காவனத்தின் தகப்பனார் அவர்களுக்கு, கன்னியம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது. நாங்கள் இங்கே சௌக்கியம், நீங்கள் கோயமுத்தூரில் சௌக்கியமா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று வந்த உங்கள் கவரைப் படித்த பிறகு அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. வேண்டுமானால் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கலியாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதியதிலேயே இதுதான் நீளம். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான் என்றாலும் ஒரு எழுத்து விடாமல் இரண்டு தடவை படித்தேன். பீரோ எப்படி இருக்கிறது, கட்டில் எப்படி இருக்கிறது, பிரம்பு நாற்காலி ஆறும் எப்படி இருக்கின்றன, தோல் சோபாவில் பூஞ்சை பிடித்ததா என்று ஒவ்வொன்றாகக் குசலம் விசாரித்துவிட்டு, கடைசியில், 'மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்' என்று ஒரே ஒரு வரி. அந்த 'எல்லோரும்' என்பதில் உங்கள் மகள் இருக்கிறாளா என்று பூங்காவனம் கேட்டாள். இருக்கிறாய், போ என்றேன்.

சித்திரையில் பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஊரே ஓடியபோது, உங்கள் வக்கீல் ஐயாவும் அம்மாவும் கோயமுத்தூருக்குப் போனார்கள். நீங்களும் அவர்களோடு போனீர்கள். அதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை. வீட்டுக் காரியம் பார்க்கிறவர் கூடப் போகத்தானே வேண்டும். ஆனால் அவர்கள் வீட்டுச் சாமான்களை ஏழு வண்டியில் ஏற்றி நம் வீட்டுக்கு அனுப்பினீர்களே, ஒரு வார்த்தை என்னைக் கேட்டீர்களா? வண்டி வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரியும். 'கன்னியம்மா எல்லாம் பார்த்துக்கொள்வாள்' என்று ஐயாவிடம் சொன்னீர்களாம். கன்னியம்மாவிடம் சொல்லவில்லை.

நீங்கள் எழுதியபடி ஒன்று விடாமல் செய்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பீரோவைத் தினமும் காலையில் உலர்ந்த துணியால்தான் துடைக்கிறேன், ஈரத் துணி படுவதில்லை. மாதம் ஒருதரம் தேன்மெழுகை டர்ப்பன்டைனில் கரைத்துப் பூசி, பழைய கம்பளித் துண்டால் கை வலிக்கத் தேய்க்கிறேன். முதல் மாதம் நம் வீட்டு வழக்கப்படி தேங்காய் எண்ணெய் பூசினேன். பிசுபிசுவென்று தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்க ஒரு நாள் ஆயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரம்பு நாற்காலிகளை உப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து நிழலில் உலர்த்துகிறேன். சோபாவுக்கு விளக்கெண்ணெய் இரண்டே சொட்டு, அதற்கு மேல் இல்லை. கட்டிலின் பித்தளைக் குமிழ்களைத் தனியே கழற்றி, புளி போட்டு விளக்கி, ஈரம் போனதும் மாட்டுகிறேன். கண்ணாடிக்குப் பழைய பேப்பர். இழுப்பறைகளில் வேப்பிலையும் கற்பூரமும்.

கரையான் ஏறாமல் கால்களுக்கெல்லாம் தகர டப்பா வைத்துக் கிரசின் ஊற்று என்கிறீர்கள். கிரசின் எங்கே கிடைக்கிறது? ஆவடியில் பட்டாளத்து லாரிகள் போகிற தினுசைப் பார்த்தால் ஊரில் இருக்கிற எண்ணெயெல்லாம் அவர்களுக்குத்தான் போலிருக்கிறது. நாங்கள் விளக்கைச் சுருக்கி வைத்துக்கொண்டு பொழுதோடு சாப்பிட்டுப் படுக்கிறோம். அந்த எண்ணெயில்தான் உங்கள் வக்கீல் வீட்டுக் கட்டில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிறது.

இதெல்லாம் போகட்டும். இந்தக் கடிதம் எழுதுவது வேறு காரியத்துக்கு. பூங்காவனத்துக்கு இது ஏழாம் மாதம். பூந்தமல்லியில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்து போன வெள்ளிக்கிழமை அழைத்து வந்துவிட்டேன். ஐப்பசி கடைசியில், இல்லாவிட்டால் கார்த்திகை முதலில் ஆகிவிடும் என்று மருத்துவச்சி குப்பம்மா சொல்கிறாள். தலைப்பிரசவம். அடைமழைக் காலம். நம் வீட்டில் கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் ஓலைக் கூரைதான். செங்கல் சுவரும் ஓடும் உள்ளறைக்கு மட்டும்தான். அந்த உள்ளறையில் இன்றைக்கு ஒரு பூனை படுக்க இடமில்லை.

அந்த அறையை ஏன் கட்டினோம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நம் பெரியவன் பிறந்தது தாழ்வாரத்தில். கார்த்திகை மாதம். நீங்கள் பட்டணத்தில் இருந்தீர்கள். சாரல் அடித்து, தரை ஊறி, நானும் பிள்ளையும் ஈரக் கோணியில் கிடந்தோம். ஆறாம் நாள் அவன் போய்விட்டான். அதற்கு அடுத்த வருஷம் நீங்களே சூளையில் நின்று செங்கல் வாங்கி வந்து அந்த அறையை எழுப்பினீர்கள். பூங்காவனம் அதில்தான் பிறந்தாள். அதனால் பிழைத்தாள் என்று நான் நினைக்கிறேன். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள், அப்போது.

அம்பத்தூரில் என் தம்பி நாகேந்திரன் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது. ஓட்டு வீடு, ஒழுகாது. இரண்டு வண்டி வைத்து நாலு நடையில் எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கிறேன் என்கிறான். கேட்காமல் ஒரு சாமானையும் இடம் மாற்ற மாட்டோம் என்று நீங்கள் ஐயாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்காகத்தான் கேட்கிறேன், இல்லாவிட்டால் இதற்குள் அனுப்பியிருப்பேன். ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் பீரோவைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
கன்னியம்மாள்.


வெள்ளானூர்,
ஐப்பசி மாதம் 12-ந் தேதி.

பூங்காவனத்தின் தகப்பனார் அவர்களுக்கு, கன்னியம்மாள் எழுதுவது. வணக்கம் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. 'உன்னால் எனக்குத் தலைகுனிவு. இருபது வருஷமாக அந்த வீட்டில் நான் காப்பாற்றி வந்த பெயர் ஒரே நாளில் போயிற்று' என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்ததை வக்கீல் வீட்டு அம்மாள் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். இனி நான் சொல்வதையும் கேளுங்கள். கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்க வேண்டாம்.

ஆயுத பூஜைக்கு வீடு முழுக்கக் கழுவி மெழுகினேன். ஏர், மண்வெட்டி, அரிவாள், அம்மி, முறம் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நம் வீட்டில் இருக்கிறவற்றுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு அடுத்தவர் நம்பிக் கொடுத்ததை மட்டும் மூளியாக விடலாமா என்று எனக்குப் பட்டது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் சோபாவின் மரக் காலுக்கும் தொட்டும் தொடாமலும் ஒரு பொட்டு. மறுநாள் துடைத்ததும் அது போய்விட்டது. அந்த வட்டச் சலவைக்கல் மேசை இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் அழகு. அதற்கு நல்ல எலுமிச்சம்பழமாகப் பார்த்து அறுத்து, குங்குமம் தடவி, நடுவில் வைத்துக் கும்பிட்டேன். காலையில் பழத்தை எடுத்தால் ரூபாய் அகலத்துக்குப் பளபளப்புச் செத்து, சிவப்பாய் ஒரு கறை. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு மங்கியது, கல் சொரசொரப்பானது.

புளிப்புப் பட்டால் சலவைக்கல் அரித்துப்போகும் என்று இப்போது எழுதுகிறீர்கள். அந்த நான்கு பக்கத்தில் எழுதினீர்களா? எடுத்துப் பார்த்தேன். 'மேசையைத் தூசி தட்டு' என்று மட்டும் இருக்கிறது. நம் வீட்டில் எதைத் துலக்கவும் புளியும் எலுமிச்சையும்தான். கல் என்றால் எனக்குத் தெரிந்தது அம்மி, அதில் தினமும் புளி அரைக்கிறேன், அதற்கு ஒன்றும் ஆனதில்லை. தப்பு என்னுடையதுதான், மறைக்கவில்லை. அந்த அம்மாளிடமும் நானே காட்டினேன். அவர்களாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லியிருந்தால் அது பொய்.

பூஜைக்கு மூன்றாம் நாள் அந்த அம்மாள் வந்தார்கள். பட்டணத்து வீட்டைப் பார்க்க வந்தவர்கள், அப்படியே ஆவடியில் இறங்கிக் குதிரை வண்டி வைத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள். பிரம்பு நாற்காலிகளைத் துடைத்துக் கூடத்தில் காயவைத்திருந்தேன். பூங்காவனத்துக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த நாற்காலிகளில் ஒன்றில் நான்தான் உட்காரச் சொன்னேன். அந்த அம்மாள் வாசல்படி தாண்டியதும் கேட்ட முதல் கேள்வி, "யாரடி அது, என் நாற்காலியில்?"

என் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவர்கள் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து மூடி, கண்ணாடியில் முகம் பார்த்து, கட்டில் குமிழைத் திருகிப் பார்த்து முடிக்கிறவரைக்கும் நின்றாள். உட்காரம்மா என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. உங்கள் வேலையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

மேசையைக் காட்டினேன். "சாணி மெழுகத் தெரிந்தவளிடம் சலவைக்கல்லைக் கொடுத்தது எங்கள் தப்பு. எத்திராஜ் பெண்டாட்டி என்று நம்பினோம்" என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, பிரசவத்துக்கு இந்த ஒரு அறைதான் ஒழுகாமல் இருக்கிறது, சாமான்களை அம்பத்தூருக்கு மாற்ற உத்தரவு கொடுங்கள்" என்று கேட்டேன். ஆவணியில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்டேன். நீங்கள் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்படி ஒரு சங்கதியே அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக உங்களிடமிருந்து ஏன் பதில் இல்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூச்சமாக இருந்திருக்கும் உங்களுக்கு.

அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிரசவமா? இந்தச் சாமான்களுக்கு நடுவிலா? தீட்டுப் பட்ட கட்டிலில் நாளைக்கு என் பிள்ளை படுப்பானா? நன்றாக இருக்கிறது." கூடத்தில் கிடந்த நாற்காலிகளை வண்டிக்காரனை விட்டு உள்ளே போடச் சொன்னார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். கைப்பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்து மாட்டிப் பூட்டினார்கள். பூட்டை வரும்போதே கொண்டுவந்திருக்கிறார்கள் பாருங்கள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு குதிரை வண்டி ஏறிப் போய்விட்டார்கள்.

என் வீட்டில், என் புருஷன் கட்டிய அறையில், வேறொருத்தி பூட்டுப் போட்டுவிட்டுப் போகிறாள். சாயங்காலம் குப்பம்மா வந்து பார்த்துவிட்டு, "இன்னா கன்னிம்மா இது? உன் ஊட்டு ரூமுக்கு எவளோ வந்து பூட்டு போட்டுகினு போறா, நீ பாத்துகினு நின்னுகினு இருந்தியா? புள்ளத்தாச்சிக்கு எடம் இல்ல, நாக்காலிக்கு எடம் கீதா?" என்று கேட்டாள்.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு நீங்கள் எழுதுகிறீர்கள்: 'அம்மா பூட்டியதும் ஒருவகையில் நல்லதுதான், உன் பொறுப்புக் குறைந்தது. பிரசவத்தைக் கூடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.' இந்த வரியை எழுதிவிட்டு ஒருதரம் படித்துப் பார்த்தீர்களா? கூடத்துக் கூரை எத்தனை இடத்தில் ஒழுகும் என்று உங்களுக்குத் தெரியாதா? போன வாரத்து மழைக்கே ஐந்து இடத்தில் சட்டி வைத்தேன்.

சாமான்களின் மேல் உங்களுக்கு இருக்கிற அக்கறைக்காகவாவது ஒன்று கேட்கிறேன். மழைக்காலத்தில் ஜன்னல் சாத்திப் பூட்டிய அறையில் தோல் என்ன ஆகும், பிரம்பு என்ன ஆகும் என்று எனக்குப் பாடம் எழுதியவர் நீங்கள். டப்பாவில் கிரசின் வற்றினால் யார் ஊற்றுவது? கதவிடுக்கு வழியாக இப்போதே ஒரு முடை வாசனை வருகிறது. இதை அந்த அம்மாளிடம் சொல்லுங்களேன். மகளுக்காகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் சோபாவுக்காகக் கேளுங்கள்.

சாவி வேண்டும். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புங்கள். ஐப்பசி முடியும் முன் வரவேண்டும். வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எழுதிக் காட்ட மாட்டேன். என்னோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தவருக்கு அது தெரிந்திருக்கும்.

பூங்காவனம் உங்களுக்கு நமஸ்காரம் எழுதச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்ததற்கு அப்பா கோபித்துக்கொண்டாரா என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

கன்னியம்மாள்.


வெள்ளானூர்,
கார்த்திகை மாதம் 9-ந் தேதி.

பூங்காவனத்தின் தகப்பனார் அவர்களுக்கு, கன்னியம்மாள் எழுதிக்கொண்டது.

பெண் குழந்தை. ஐப்பசி 29-ந் தேதி சனிக்கிழமை, பகல் மூன்று மணி சுமாருக்குப் பிறந்தது. தாயும் குழந்தையும் உயிரோடு இருக்கிறார்கள். இதை முதல் வரியில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகத் திட்டலாம்.

மூன்று நாளாக விடாத மழை. வெள்ளிக்கிழமையே ஏரிக் கால்வாய் நிரம்பித் தண்ணீர் வாய்க்கால் வரப்பெல்லாம் ஏறிவிட்டது. சனிக்கிழமை காலையில் தாழ்வாரத்தில் கணுக்கால் தண்ணீர். பத்து மணிக்குக் கூடத்துக்குள் வந்தது. பூங்காவனத்துக்கு இடுப்பு வலி விடியும்போதே ஆரம்பித்திருந்தது. அடுப்பங்கரையில் பலகை போட்டு உட்காரவைத்திருந்தேன். மேலே கூரையிலிருந்து சொட்டுகிறது, கீழே தண்ணீர் ஏறுகிறது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா எங்கேயாவது படுக்கவை என்கிறாள். எங்கே படுக்கவைப்பேன்?

உங்கள் தம்பி தசரதனைக் கூப்பிட்டேன். கடப்பாரையோடு வந்தார். ஆனால் பூட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "அண்ணாத்தே கோச்சுக்குவாரு அண்ணி. வக்கீல் ஊட்டுப் பூட்டு. நான் ஒடைக்க மாட்டேன், நீ வோணும்னா சொல்லு, நாகேந்திரனுக்கு ஆள் அனுப்பறேன்" என்றார். அம்பத்தூருக்கு ஆள் போய் வர எத்தனை மணி நேரம்? நல்ல தம்பி உங்களுக்கு. உங்களைப் போலவே இருக்கிறார். கடப்பாரையை அவர் கையிலிருந்து வாங்கி நானே போட்டேன். நான்காம் அடியில் பூட்டு தாழ்ப்பாளோடு பெயர்ந்து விழுந்தது. கதவுச் சட்டமும் கொஞ்சம் பிளந்துவிட்டது. அது நம் கதவு, அதற்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது.

உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பூட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தோல் சோபா முழுக்கப் பச்சையாகப் பூஞ்சை. பிரம்பு தொங்கிப் போயிருந்தது. கிரசின் வற்றிய டப்பாவின் மேலே பாலம் போட்டுக்கொண்டு கரையான் பீரோவின் முதுகில் ஒரு முழம் ஏறியிருந்தது. கண்ணாடியின் ஓரத்தில் ரசம் கறுத்திருந்தது. நான் ஐந்து மாதம் காப்பாற்றியதை அந்தப் பூட்டு ஒரே மாதத்தில் முடித்துவிட்டது. கட்டில் மட்டும் தேக்கு, தப்பித்துக்கொண்டது.

அறைக்குள்ளும் நீர் கசிய ஆரம்பித்திருந்தது. குப்பம்மா நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். "கட்டிலு மேல புள்ள பெத்து நான் பாத்ததே இல்லியே, தரையில கால ஊனினாத்தானே முக்க முடியும்" என்று முதலில் மறுத்தாள். பிறகு தரையைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இருந்த சாமான்களையெல்லாம் தசரதனும் நானும் ஒரு பக்கமாகத் தள்ளினோம். பாவம், உள்ளே நுழைந்த பிறகு மனிதர் நன்றாகத்தான் உழைத்தார். தண்ணீர் வந்தால் சாமான்களுக்கடியில் வைக்கச் சொல்லி நீங்கள் எழுதினீர்களே செங்கல், வீட்டில் இருந்தது இருபதுதான். அத்தனையும் கட்டிலின் நான்கு கால்களுக்கும் கொடுத்தேன். மற்றதெல்லாம் தண்ணீரில் நின்றது. இதையும் வக்கீல் வீட்டில் சொல்லிக்கொள்ளுங்கள்.

பூங்காவனம் அந்தப் பித்தளைக் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஐந்து மணி நேரம். ஒரு தரம் மூச்சு நின்றுவிட்டது போல் இருந்தது. குப்பம்மா கன்னத்தில் அறைந்து எழுப்பினாள். நான் வேண்டாத தெய்வமில்லை. அந்த நேரத்தில் உங்களை எவ்வளவு வைதேன் என்று நேரில் வந்தால் சொல்கிறேன். குழந்தை பிறந்து அழுததும் அவள் கேட்டது, கட்டில் பாழாகிவிட்டதா அம்மா என்று. பெற்ற பெண்ணை எப்படி வளர்த்துவைத்திருக்கிறோம் பாருங்கள்.

நான்காம் நாள் வெயில் வந்தது. சாமான்களை வெளியே எடுத்தேன். யார் சாமானாக இருந்தாலும் கண்முன்னே வீணாய்ப் போக விடுவது என் கையால் ஆகாது. பூஞ்சையை உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஆறவைத்து விளக்கெண்ணெய் தொட்டேன். பிரம்பை அடிப்பக்கம் நனைத்து வெயிலில் போட்டதும் பழையபடி விறைத்துக்கொண்டது. பீரோவின் முதுகுப் பலகை போனது போனதுதான், சுரண்டினால் மாவாகக் கொட்டுகிறது. நாகேந்திரன் வண்டிகளோடு வந்து எல்லாவற்றையும் அம்பத்தூருக்கு ஏற்றிப் போய்விட்டான். நான் யாரையும் கேட்கவில்லை. கட்டிலை மட்டும் அனுப்பவில்லை. மூன்று மாதத்துக்கு அது பூங்காவனத்துடையது. அதன் பிறகு புளி போட வேண்டிய இடத்தில் புளியும், மெழுகு போட வேண்டிய இடத்தில் மெழுகும் போட்டு நானே சுத்தம் செய்து தருகிறேன். தீட்டு என்று அவர்கள் வேண்டாம் என்றால் வைத்துக்கொள்கிறோம்.

இனி நான் எழுத நினைத்ததை எழுதுகிறேன்.

ஐந்து நாளைக்கு முன் தபால்காரர் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். துணியில் வைத்துத் தைத்திருந்தது. உங்கள் பழைய வேட்டியின் கரைத் துணி, எனக்கு அடையாளம் தெரியாதா? பிரித்தால் சாவி. கடிதம் இல்லை. ஒரு வரி இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிணற்றில் வீசியிருப்பேன். பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி அனுப்புகிறார் என்று தசரதனிடம் கத்தினேன். என் கடிதம் உங்களுக்கு ஐப்பசி பதினைந்துக்குள் வந்திருக்கும். பதினைந்து நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

தபால்காரர்தான் முத்திரையைக் காட்டினார். கோயமுத்தூர் இல்லை, போத்தனூர். வக்கீல் ஐயா வீட்டுத் தெருமுனையிலேயே தபாலாபீஸ் இருக்கிறது என்று முன்பு எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டு அத்தனை தூரம் போய்ப் போட்டிருக்கிறீர்கள். கேட்டு வாங்கியிருந்தால் அப்படிப் போக வேண்டியதில்லை. அப்படியானால் கேட்கவில்லை. எடுத்திருக்கிறீர்கள். அந்த வீட்டில் ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்றிவைக்க உத்தரவு கேட்கிற மனிதர், அந்த அம்மாள் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்திருக்கிறீர்கள். பயந்துகொண்டே எடுத்திருப்பீர்கள். எழுதினால் யாராவது படித்துவிடுவார்களோ என்று எழுதாமலும் விட்டிருப்பீர்கள்.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே நீங்கள் வாயைத் திறந்து கேட்டிருந்தால் அந்தப் பூட்டே விழுந்திருக்காது. என் பெண் பிழைத்தது சாவியால் இல்லை, கடப்பாரையால். ஆனாலும் உங்களிடம் இதைச் சொல்ல வேண்டும்: சாவி வந்த அன்றைக்கு ராத்திரி நான் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சாவி எங்கே என்று அந்த அம்மாள் ஒரு நாள் கேட்பார்கள். நீங்கள், தொலைந்துபோயிருக்கும் அம்மா என்று சொல்லித் தலையைச் சொறியப் போகிறீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். அப்படிச் சொல்லாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், சொல்லாதீர்கள். அவர்கள் கேட்கிறவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். கூடத்தில் அவர்கள் எல்லோரும் இருக்கும்போது போய் நின்று, 'சாவியை நான் எடுத்தேன். என் மகள் பிரசவத்துக்காக எடுத்தேன்' என்று சொல்லுங்கள். இவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சேர்க்க வேண்டாம். மேசைக் கறைக்கு வேண்டுமானால் என் சார்பாக மன்னிப்புக் கேளுங்கள், அது என் தப்பு. இதற்குக் கேட்காதீர்கள். வேலை போய்விட்டால் வந்துவிடுங்கள். தசரதன் ஒரு ஏர் வைத்துக்கொண்டு திண்டாடுகிறார், உங்களுக்கும் இரண்டு கை இருக்கிறது.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பூந்தமல்லிக்காரர்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். தாத்தா வந்து வைப்பார் என்று பூங்காவனம் சொல்லிவிட்டாள். எந்தத் தைரியத்தில் சொன்னாளோ எனக்குத் தெரியாது. நான் எதிர்த்துச் சொல்லவில்லை.

பெரியபாளையத்தம்மன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். அந்த இரண்டு வரியைச் சொல்லி முடிக்கிறவரைக்கும் உங்கள் குரல் உடையாமல் இருக்கட்டும். சொல்லிவிட்டு அன்றைக்கே ரயில் ஏறுங்கள்.

இப்படிக்கு, உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
கன்னியம்மாள்.